மூச்சு முட்டிய வீடு

அத்தியாயம் ஐந்து

வெர்லா ஹில்டிபிராண்ட் கட்டவேண்டிய பாக்கி பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு டாலர், அறுபது சென்ட்.

லிட்டோவை உறுத்தியது அந்த அறுபது சென்ட்தான். பதினாறு வருஷம் தகரம் வெட்டி, மடித்து, தோளில் சுமந்து பிழைத்தவன் அவன். கை காய்த்த வேலைக்காரன் எவனும் பில்லில் சில்லறையைத் தள்ளிவிடுவான். சென்ட் சுத்தமாக எழுதுகிறவன் பரம யோக்கியனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பழம் தின்று கொட்டை போட்டவனாக இருக்கவேண்டும்.

தாளை முதலாளியிடம் நீட்டினான். துப்பறியும் ஸ்டெஃபா கொரோல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ஐம்பத்தெட்டு வயது. இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது வின்னிபெக்கில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறாள். லிட்டோ அவளுக்கு டிரைவர், ஏணி, சுத்தியல், சில நாட்களில் தலைவலி.

"வீட்டைச் சூடாக்கற புது ஃபர்னஸ் ஒண்ணு. மாட்டின கூலி. பழசைக் கழட்டி எடுத்துட்டுப் போன கூலி. வட்டி. எல்லாத்துக்கும் ஈடா வீட்டு மேல பதிவு. இதுல கையெழுத்து உங்களுதுதானே, வெர்லா?"

"என்னுதுதான்." வெர்லா தன் வாடிக்கைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய சலூன். இரண்டு நாற்காலி, தலை உலர்த்தும் குடுவை ஒன்று, சுவர் நிறையக் கண்ணாடி. "டிசம்பர் பன்னண்டாம் தேதி போட்டேன். ஃபர்னஸ் நெஞ்சு வெடிச்சிருச்சு, விஷக்காத்து கசியுது, தூங்கினா எழுந்திருக்க மாட்டேன்னு சொன்னா யாருதான் போட மாட்டாங்க?"

"சொன்னது யாரு?"

"டெரில். காத்துக் குழாயை இலவசமா சுத்தம் பண்ணித் தர்றோம்னு போன் வந்துச்சு. அதுக்குத்தான் வந்தான்."

"இலவசமா!" லிட்டோ நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "மேடம், எங்க மணிலாவுல எவனாவது இலவசம்னு சொன்னா நாங்க முதல்ல பர்ஸைத் தொட்டுப் பாத்துக்குவோம். அப்புறம் பக்கத்துல நிக்கிறவனோட பர்ஸையும்."

"லிட்டோ."

"பத்திரமா இருக்கான்னு பாக்கத்தான், அக்கா."

வெர்லா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பாங்கில் வீட்டுக் கடனைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டின் மேல் இன்னொருவன் பதிவு இருக்கும்வரை பாங்கு தொடாது. புதுப்பிக்காவிட்டால் வீடு போகும். வீடு போனால் சலூன் போகும். "ரெண்டு நாற்காலியத் தூக்கிக்கிட்டு இந்தப் பனியில எங்க போவேன்?" என்றாள். இன்று புதன். மதியம் இரண்டு மணிக்கு டெரில் வருகிறான். குழாய்களையும் மாற்ற இன்னொரு ஆறாயிரத்து நானூறு டாலருக்கு அவள் கையெழுத்துப் போட்டால், பதிவை இரண்டு மாதம் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

"புது ஃபர்னஸ் மாட்டியாச்சே. குழாயை எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டாள் ஸ்டெஃபா.

"சத்தம் நிக்கலையே."

"எந்தச் சத்தம்?"

வெர்லா வாயைத் திறப்பதற்குள் அவர்கள் காலுக்குக் கீழே யாரோ தகர டிரம்மைக் குத்தினார்கள்.

*டொம்.*

லிட்டோவின் கையிலிருந்த காப்பி பாதி அவன் சட்டைக்குப் போனது. அதைத் துடைப்பதற்குள் சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. கன்றைத் தேடும் மாடு மாதிரி, ஊஊவென்று, நீளமாக.

"அக்கா, பேயோட வேலை செய்யறதுக்கு நான் சம்பளம் பேசவே இல்ல."

ஸ்டெஃபா கையை உயர்த்தினாள். முனகல் ஏழெட்டு நிமிஷம் நீடித்தது. பிறகு நின்றது. நின்ற கையோடு மறுபடியும் ஒரு டொம்.

"பழைய ஃபர்னஸ் இருந்தப்பவும் இப்படித்தானா?"

"அச்சு அசல் இதேதான். இதைக் கேட்டுத்தான் டெரில் விஷக்காத்து அளக்கற மீட்டரை எடுத்தான். அறுபத்தொண்ணு காட்டிச்சு. என் கண்ணால பாத்தேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வந்து வெச்சான், அப்பவும் கிட்டத்தட்ட அதேதான். அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். புதுசு மாட்டின மறுநாள் காலையில பல்லு விளக்கிட்டிருக்கேன், டொம்முங்குது."

"ஆளை மாத்தின பிறகும் இருமல் நிக்கலேன்னா, இருமினது அந்த ஆள் இல்ல," என்றாள் ஸ்டெஃபா. "சத்தம் எப்பலேருந்து?"

"நவம்பர் கடைசியிலேருந்து. நல்லா குளிர் இறங்கினப்போ."

லிட்டோவுக்கு முகம் தொங்கிப்போனது. டெரில் வந்தது டிசம்பரில். அவன் குழாய்க்குள் எதையாவது போட்டிருப்பான், அதை எடுத்து அவன் மூக்குக்கு நேரே ஆட்டலாம் என்று காலையிலிருந்து கனவு கண்டு கொண்டிருந்தான். அந்தக் கனவு இரண்டே கேள்வியில் கலைந்துவிட்டது.

அதைவிடவும் மோசம், ஸ்டெஃபா இப்போது வெர்லாவைப் பார்த்த பார்வை. அந்தப் பார்வை லிட்டோவுக்குத் தெரியும். காசு கொடுத்துக் கூப்பிட்டவரையே சந்தேகப்படும்போது அவள் கண் அப்படித்தான் சுருங்கும்.

"கம்பெனி வக்கீல் கடுதாசியில ஒரு வரி இருக்கு. பணம் கட்டாம தப்பிக்க, சத்தத்தை நீங்களே உண்டாக்கறீங்களாம்."

"நானா?" வெர்லா எழுந்து நின்றாள். "நான் என்ன கட்டையை எடுத்துட்டுப் போய்க் குழாயை அடிக்கிறேனா? அதுக்கு எனக்கு நேரம் இருக்கா?"

"பாத்துடலாம்," என்றாள் ஸ்டெஃபா. ஆறுதலாக ஒரு சொல் வரும் என்று வெர்லா காத்திருந்தாள். வரவில்லை.

நிலவறையில் புது ஃபர்னஸ் பளபளவென்று நின்றது. அதன் தலையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கிளம்பிய தகரக் குழாய்கள் உத்தரங்களுக்கு அடியில் ஓடின. லிட்டோ ஃபர்னஸை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விரல் முட்டியால் குழாய்களைத் தட்டிக்கொண்டே நடந்தான், பழம் வாங்குகிறவன் பலாவைத் தட்டுகிற மாதிரி.

"அக்கா, சுருக்கமாச் சொல்றேன். இந்தப் பக்கம் இருக்கறது ஊதுற குழாய். சூட்டை மேல அனுப்புது. இந்தப் பக்கம் இழுக்கிற குழாய். வீட்டுக் காத்தைத் திரும்ப உறிஞ்சிக் கொண்டாந்து ஃபர்னஸுக்குக் குடுக்குது. மேல தரையில கம்பிமூடி போட்ட ஓட்டைங்க இருக்கும் பாருங்க, அதுல பாதி ஊதுவாய், பாதி இழுவாய். தகரக்காரங்க நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"பேச்சு சுருக்கமா இல்லையே."

"அனுபவம் நீளம், அக்கா."

உள்ளங்கையை இழுக்கும் குழாயின் வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்துநாலு டிகிரி உறைகுளிர். இந்தக் குளிரில் எந்த ஃபர்னஸும் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் ஓய்வெடுக்காது. கொஞ்ச நேரத்தில் விசிறி சுழன்றது. லிட்டோவின் கைக்குக் கீழே தகரம் விருட்டென்று உள்ளே குழிந்தது.

*டொம்.*

"உள்ள போச்சு!" என்று கத்தினான். "வெளிய உப்பலை, அக்கா. உள்ள போச்சு. குழந்தைங்க ஜூஸ் டப்பாவுல ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சு உறிஞ்சு கடைசியில டப்பா ஒட்டிப்போய் நசுங்குமே, அது மாதிரி. விசிறி நின்னதும் தகரம் பழையபடி நிமிரும். அப்போ ரெண்டாவது டொம்."

"அப்படீன்னா?"

"இழுக்கறதுக்குக் காத்து இல்ல. எவனோ இந்த வீட்டோட மூக்கைப் பொத்திப் பிடிச்சிருக்கான்."

கீழிருந்து எண்ணியதில் மூன்று இழுவாய். மேலே ஏறி வந்து தேடினார்கள். முதலாவது, முடிவெட்டும் நாற்காலிக்கு அடியில், ரப்பர் பாய்க்குக் கீழே. இரண்டாவது, ஷாம்பு அலமாரிக்குப் பின்னால். மூன்றாவது, வாசலில் எல்லாரும் பனி பூட்ஸைக் கழற்றிவைக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில். மூன்றையும் அகலமான வெள்ளி டேப்பால், ஓரம் பிசகாமல், யாரோ அக்கறையாக ஒட்டியிருந்தார்கள்.

ஸ்டெஃபா மூன்றாவதன் முன் குந்தியிருந்தாள். "சுத்தமான கை. இப்படி ஒட்டினது யாரு?"

"நான்தான்," என்றாள் வெர்லா. "அது குளிர் வர்ற ஓட்டை. ஈரத் தலையோட உக்கார்றவங்க எல்லாரும் கால் சில்லுங்குது, கால் சில்லுங்குதுன்னு புலம்பல். என் அம்மா வீட்டுலயும் குளிர்காலம் வந்தா அடைச்சுருவோம். இந்தத் தெருவுல பாதிப் பேரு அடைக்கிறாங்க. அதனால என்ன?"

லிட்டோவுக்குச் சொல்லவே கஷ்டமாக இருந்தது. "அது வழியா குளிர் வரலை, மேடம். வீட்டுக் காத்து கீழ ஃபர்னஸுக்குப் போகுது. போற போக்குல உங்க காலைத் தடவிட்டுப் போகுது, அவ்வளவுதான். எப்ப அடைச்சீங்க?"

வெர்லா விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கை பாதியில் நின்றது. "நவம்பர்ல. கடைசி வாரம்."

சுவருக்குள் அந்த மாடு இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

"அப்போ வக்கீல் எழுதினது நிஜம்," என்றாள் வெர்லா. "சத்தத்தை உண்டாக்கினது நானேதான். நல்லா இருந்த ஃபர்னஸைத் தூக்கிக் குடுத்துட்டு, என் வீட்டையும் நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

"சத்தம் உங்களாலதான்," என்றாள் ஸ்டெஃபா. மூடி மறைக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது.

"இருங்க மேடம், இப்பவே பிச்சு எறியறேன்." லிட்டோ குனிந்து டேப்பின் ஓரத்தைப் பிடித்தான்.

"கையை எடு!"

லிட்டோ திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஸ்டெஃபாவின் கண் மறுபடி சுருங்கியிருந்தது. ஆனால் அது இப்போது வெர்லாவின் மேல் இல்லை.

"மூணு வாயையும் அடைச்சாச்சு. அப்புறமும் அந்த மெஷின் மூச்சு விடுதே, எதால விடுது? அந்த ஊஊ எங்கேருந்து வருது?"

லிட்டோ வாயைப் பிளந்தான். பிளந்த வாயோடு நிலவறைக்கு ஓடினான். இழுக்கும் குழாயின் ஓரத்தில் முழங்கை பருமனில் இன்னொரு குழாய் வந்து சேர்ந்தது. மேலெல்லாம் உறைபனி. காதை வைத்தான். மாடு அதற்குள்தான் இருந்தது. இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற சமாசாரம்தான். மூடிக்கிடக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய். மற்ற மூன்று வாயும் அடைத்துப்போனதால் ஃபர்னஸ் இந்த ஒற்றை வாயால் உயிரைக் கொடுத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"அது வெளியில எங்க போய்த் திறக்குது?" என்றாள் படியில் நின்ற ஸ்டெஃபா.

இரண்டு பேரும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். வீட்டின் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், குல்லாய் போட்ட சின்னத் துளை. அதன் முன்னால் இரண்டு வண்டி நிற்கக்கூடிய இடம். ஒன்றில் வெர்லாவின் கார், மூக்கைச் சுவரோடு வைத்து நின்றது. அதன் மூக்கிலிருந்து தொங்கிய வயரைச் சுவரிலிருந்த பிளக்கில் சொருகியிருந்தாள். அப்படிச் சொருகாவிட்டால் காலையில் எஞ்சின் கல்லாகிக் கிடக்கும். தெருவில் எல்லா வீட்டிலும் எல்லாக் காரும் அப்படித்தான் நின்றன, தொழுவத்தில் தீனித்தொட்டியைப் பார்த்துக் கட்டின மாடுகள் மாதிரி.

குல்லாயின் வலைக்கம்பியை ஸ்டெஃபா விரலால் தடவினாள். விரல் கறுத்தது.

"லிட்டோ, இங்க கொஞ்சம் பனியைத் தள்ளு."

மண்வாரியால் நேற்றைய பனியைத் தள்ளினான். அதற்கு முந்தின வாரத்துப் பனியையும் தள்ளினான். அடியில் சுவரோரமாக ஒரு ஐஸ் மேடு, மெழுகு ஒழுகினாற்போல, சாம்பல் நிறத்தில்.

"இது கூரையிலேருந்து சொட்டினதா?"

"இல்லக்கா. சைலன்சர்லேருந்து. ஒரே இடத்துல ரொம்ப நேரம் எஞ்சின் ஓடிக்கிட்டிருந்தா பின்குழாய்லேருந்து தண்ணி சொட்டும். விழுந்தவுடனே உறைஞ்சு போகும். டிசம்பர்ல விழுந்தது ஏப்ரல் வரைக்கும் அப்படியே..." நிறுத்தினான். ஐஸ் மேட்டைப் பார்த்தான். வெர்லாவின் காரைப் பார்த்தான். "பின்குழாய் எப்படி அக்கா சுவர்கிட்ட வரும்? பிளக்கு முன்னாலதானே இருக்கு? இந்த ஊர்ல டிசம்பர்ல வண்டியை ரிவர்ஸ் எடுத்துச் சுவரோட ஒட்டி விடறவன் யாரு? பாங்கைக் கொள்ளையடிக்கிறவன்கூட மூக்கை விட்டுத்தான் நிறுத்துவான்."

"பிளக்கு தேவைப்படாதவன். எஞ்சினை அணைக்கவே போறதில்லைன்னு முடிவோட வந்தவன்."

கதவிடுக்கில் நின்றிருந்த வெர்லா மெதுவாகச் சொன்னாள்: "டெரில் மீட்டர் வெச்ச ரெண்டு நாளும் வண்டியை ரிவர்ஸ் எடுத்துத்தான் விட்டான். ஏன்னு கேட்டேன். சாமான் இறக்க வசதின்னான். ஆனா ஃபர்னஸையே இறக்கின அன்னிக்குத் தெருவுலதான் நிறுத்தினான்."

குளிர் மூவரையும் உள்ளே விரட்டியது. லிட்டோ கையை அக்குளில் வைத்துக்கொண்டு குதித்தான். "மாட்டினான்! புகையை அந்த ஓட்டையில ஊத வெச்சு, உள்ள வந்து மீட்டர் வெச்சிருக்கான். அறுபத்தொண்ணு ஃபர்னஸோடது இல்ல. அவன் வண்டியோடது."

"தெரியாமத்தான் அங்க நிறுத்தினேன்னு சொல்லுவான்," என்றாள் ஸ்டெஃபா. "ஐஸ் கட்டியைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனா பாதி வழியில உருகிடும். பழைய ஃபர்னஸ் நல்லா இருந்துச்சுன்னு காட்ட அதுவும் நம்மகிட்ட இல்ல. அவன் வேணும்னே செஞ்சான்னு ஒருத்தர்தான் சொல்ல முடியும்."

"யாரு?"

"அவன்தான்." கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பது. "லிட்டோ, நாற்காலியில உக்காரு. வெர்லா, இவன் தலையை நனைச்சு சுருட்டை பண்ற குழலெல்லாம் மாட்டுங்க."

"அக்கா! எனக்கு இருக்கறதே நாப்பது முடி!"

"நாப்பதையும் மாட்டுங்க."

சரியாக இரண்டு மணிக்குப் பென்குவின் படம் போட்ட வெள்ளை வேன் தெருவில் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தக் குளிரில் அது யாருக்கும் தப்பாகத் தெரியாது. டெரில் உள்ளே வந்தான். முப்பத்தைந்து வயது, துவைத்த முகம், கையில் தோல் பை. பூட்ஸைக் கழற்றி, டேப் ஒட்டிய இழுவாயின் மேலிருந்த தட்டில் ஒழுங்காக வைத்தான்.

"எப்படியிருக்கீங்க, வெர்லா டியர்? ஓ, கஸ்டமர் இருக்காங்களா?" லிட்டோவைப் பார்த்துச் சிரித்தான். இளஞ்சிவப்புக் குழல்களுக்கு அடியிலிருந்து லிட்டோவும் கௌரவமாகத் தலையசைத்தான்.

"இவங்க என் சித்தி மக," என்றாள் வெர்லா, ஸ்டெஃபாவைக் காட்டி. மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தாள். "டாஃபின்லேருந்து வந்திருக்காங்க."

ஸ்டெஃபா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிராமத்துப் பெண்மணி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பையின் வாயில் செக் புத்தகம் தலையை நீட்டியது. டெரிலின் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது, தம்பி. இவ மொத்த பாக்கியையும் நான் இன்னிக்கே கட்டிடறேன். ஆனா ராத்திரி முழுக்க எனக்குத் தலைவலி. நீங்க மாட்டின மெஷின் சுத்தமா இருக்குன்னு என் கண்ணால பாக்கணும். அந்த மீட்டர்ல பூஜ்யம் காட்டுங்க. அடுத்த நிமிஷம் செக்கு."

"இவ்வளவுதானா? தாராளமா." டெரில் பையைத் திறந்தான். புது ஃபர்னஸ் பூஜ்யம்தான் காட்டும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

லிட்டோ ஜன்னலை எட்டிப் பார்த்தான். "அய்யய்யோ, பனி வார்ற வண்டி அடுத்த தெருவுக்கு வந்துருச்சு. தெருவுல நிக்கிறதையெல்லாம் கட்டி இழுத்துட்டுப் போறாங்க. என் காரைத் தள்ளி விடப் போறேன். சார், அந்தப் பென்குவின் உங்களுதா? அதையும் ஓரங்கட்டிடவா?"

செக் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே டெரில் தலையாட்டினான். "சாவி வண்டியிலயே இருக்கு. கோடு விழாமப் பாத்துக்க."

லிட்டோ வெளியே ஓடினான். பத்தடி போவதற்குள் ஈரத் தலை உறைந்து, குழல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. வேனை ரிவர்ஸ் எடுத்தான். பின்குழாய் அந்த ஐஸ் மேட்டுக்கு நேர் மேலே வரும்வரை அங்குலம் அங்குலமாகத் தள்ளினான். எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே ஸ்டெஃபா பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பேனா கிடைத்தது, கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடி கிடைத்ததும் அது எழுதாத பேனா என்று தெரிந்தது. டெரில் பொறுமையாகத் தன் பேனாவை நீட்டினான். தரைக்குக் கீழே டொம் கேட்டது. மாடு முனக ஆரம்பித்தது.

"இந்தச் சத்தம்தான் குழாய் கெட்டுப்போனதுக்கு அடையாளம்," என்றான் டெரில் இரக்கத்தோடு. ஊதுவாயின் மேல் மீட்டரைப் பிடித்தான். "இதோ பாருங்க, பூஜ்யம்."

பூஜ்யம்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க, தம்பி. எனக்குக் கண்ணு மங்கல்."

பிடித்தான். ஒன்பது என்றது. டெரில் மீட்டரை ஒரு தட்டுத் தட்டினான். இருபத்தேழு. அவன் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் ஆளில்லாத வீட்டு விளக்கு மாதிரி. ஐம்பத்தெட்டு. எழுபத்தொன்பது. மீட்டர் கீச்சென்று அலறத் தொடங்கியது. லிட்டோ செல்போனைத் தூக்கி அதன் முகத்தைப் படம் எடுத்தான். டெரிலின் முகத்தையும் சேர்த்து.

டெரில் விருட்டென்று திரும்பினான். "என் வண்டியை எங்கடா விட்டே?"

மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது.

"வேடிக்கையா இருக்கு," என்றாள் ஸ்டெஃபா. அவள் குரலில் இப்போது கிராமம் இல்லை. "உங்க ஃபர்னஸ் ஊதற காத்துல விஷம் இருக்கு. எந்த மெக்கானிக்கா இருந்தாலும் படியிறங்கி ஃபர்னஸைப் பாக்க ஓடுவான். நீங்க வண்டியைத் தேடறீங்க. லிட்டோ, போய் அந்த வண்டியை அணைச்சுட்டு ஜன்னலையெல்லாம் திற."

"மறுபடியுமா!" என்று புலம்பிக்கொண்டே லிட்டோ ஓடினான்.

திரும்பி வந்தபோது வீடு ஐஸ்பெட்டியாக இருந்தது. ஆனால் டெரிலுக்கு வியர்த்திருந்தது. ஸ்டெஃபாவின் அடையாள அட்டை அவன் முன்னால் மேஜையில் கிடந்தது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றாள். "நீங்க மாட்டின புது ஃபர்னஸும் நெஞ்சு வெடிச்சதுன்னா எழுதிக் குடுங்க. இல்ல, அது வண்டிப் புகைன்னா, டிசம்பர்ல காட்டினதும் வண்டிப் புகைதான். எதை எழுதறீங்க?"

"இது மோசடி!" டெரிலின் துவைத்த முகம் கசங்கியது. "தப்பு பூரா இந்தம்மா மேல. மூணு இழுவாயையும் டேப் போட்டு அடைச்சு வெச்சது நானா?"

வெர்லா இத்தனை நேரம் சுவரோரமாக நின்றிருந்தாள். இப்போது இரண்டடி முன்னால் வந்தாள்.

"மூணுன்னு யாரு சொன்னாங்க?"

டெரிலின் கண் தட்டிலிருந்த தன் பூட்ஸுக்குப் போனது.

"நான் அடைச்சதைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலை. மூணுல ஒண்ணு உங்க பூட்ஸுக்குக் கீழ இருக்கு. குழாய் சுத்தம் பண்றேன்னு சொல்லி வந்த முதல் நாளே எல்லாத்தையும் தூக்கிப் பாத்திருக்கீங்க. டேப்பைக் கிழிச்சா சத்தம் நிக்கும்னு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு, இங்க நின்னு, என் தோளைத் தொட்டு, தூங்கினா எழுந்திருக்க மாட்டேன்னு சொன்னீங்க. பத்து நாள் நான் பூட்ஸைப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்து தூங்கினேன், டெரில்."

லிட்டோ தலையிலிருந்து ஒரு குழலை உருவினான்.

"ஃபர்னஸ் சோதனை பண்ற அரசாங்க ஆபீசுக்கு இந்தப் படம் போனா, நீங்க இதுவரைக்கும் மாட்டின ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போவாங்க," என்றாள் ஸ்டெஃபா. "எப்படியும் அனுப்பத்தான் போறேன். இந்த வீட்டுக் கணக்கு அதுக்கு முன்னால முடிஞ்சிருந்தா, உங்களுக்கு ஒரு கேஸ் குறையும். போன் பண்ணுங்க."

டெரில் மூலையில் நின்று கம்பெனிக்குப் போன் பண்ணினான். முதலில் உரக்கப் பேசினான், பிறகு மெதுவாகப் பேசினான், கடைசியில் தலையை மட்டும் ஆட்டினான். இருபது நிமிஷம் கழித்து வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வீட்டு மேல இருக்கற பதிவை எடுத்துடறாங்க. வட்டி, கூலி எல்லாம் தள்ளுபடி. மெஷின் விலை மட்டும் ஐயாயிரத்து தொள்ளாயிரம் கட்டணும். மெஷின் இங்கதானே இருக்கு. அது நியாயம்தானே?"

ஸ்டெஃபா பதில் சொல்ல வாயெடுத்தாள். வெர்லா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நியாயம்தான். உங்க மெஷினைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. என்னுதைக் கொண்டாந்து மாட்டுங்க."

"உங்களுதா? அது... அது அப்பவே காயலான் கடைக்குப் போயிருச்சு."

"பழுதில்லாத என் ஃபர்னஸை என் வீட்டுலேருந்து கழட்டி வித்துட்டீங்க. கழட்டினதுக்குக் கூலியும் என்கிட்டயே போட்டீங்க. அதுக்குப் பதிலா இது இங்க நிக்கட்டும். சரிக்குச் சரி. எழுதுங்க."

டெரில் ஸ்டெஃபாவைப் பார்த்தான். ஸ்டெஃபா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிட்டோவைப் பார்த்தான். லிட்டோ தன் பேனாவை நீட்டினான். "இது எழுதும் சார், நான் கிறுக்கிப் பாத்துட்டேன்."

எழுதினான். வெர்லா வரி வரியாகப் படித்தாள். "முழுவதும் தள்ளுபடி" என்ற இடத்தில் விரலை வைத்து, அதை இன்னொரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். படித்தான். தேதி போடவில்லை என்றாள். போட்டான். கம்பெனி வக்கீலிடமிருந்து பதிவு நீக்கிய தாள் அவள் செல்போனுக்கு வந்துசேர இன்னும் நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரைக்கும் அவனைப் பூட்ஸ் போடவிடவில்லை. திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் காலுறையோடு உட்கார்ந்திருந்தான்.

தாள் வந்தது. வெர்லா பாங்குக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இருந்தவள் எண்ணைத் தட்டி, காத்திருக்கச் சொல்லி, மறுபடி வந்து ஏதோ கேட்டாள்.

"ஆமா," என்றாள் வெர்லா, டெரிலைப் பார்த்துக்கொண்டே. "பதிவு எதுவும் இல்ல. இந்த வீட்டு மேல அவங்களுக்கு ஒத்தை சென்ட் பாக்கி இல்ல."